குடும்பத்தோடு பார்க்கலாமா? சமீபத்தில் பார்த்த ஆறு தமிழ்ப் படங்கள்

"படம் எப்படி?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் கேட்க வருவது, "வீட்ல எல்லாரும் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்பதைத்தான். இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டால் கேட்டவருக்கு ஒரு பயனும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே சோபாவில் இருந்தால் ஒரு பதில், பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் மட்டும் பார்ப்பதென்றால் வேறு பதில். எந்தக் காட்சி, படத்தில் எந்தப் பக்கம் வருகிறது, யாருக்குச் சங்கடம் என்று பிரித்துச் சொன்னால்தான் உதவும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் "போர்" என்று பாதியில் அணைக்கப்படும் படங்களில் பல, டிவியும் ஒலியும் சரியாக வைக்கப்படாததால் தோற்றுப்போகின்றன. வசனம் காதில் விழாத படத்தை யார்தான் ரசிப்பார்கள்? அதனால் ஒவ்வொரு படத்துக்கும் கருத்தோடு சேர்த்து, அதைப் போடும் முன் டிவியில் எதை மாற்ற வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

சான்றிதழை எவ்வளவு நம்பலாம்?

யு, யுஏ, ஏ என்ற எழுத்துகள் எல்லாருக்கும் தெரியும். 1952 ஒளிப்பதிவுச் சட்டத்துக்கு 2023-இல் வந்த திருத்தம், யுஏ என்ற ஒரே பெட்டியை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரித்தது. 2024 கடைசியிலிருந்து தணிக்கை வாரியம் இந்தப் புதிய எழுத்துகளைத் தருகிறது. அதற்கு முன் வந்த படங்களுக்குப் பழைய யுஏ மட்டும்தான். அந்த ஒரே எழுத்துக்குள் சாதாரண சண்டைப் படமும் இருக்கும், ஒரு குழந்தைக்கு இரண்டு நாள் தூக்கம் கெடுக்கும் படமும் இருக்கும். கீழே வரும் ஆறில் ஐந்து 2024 செப்டம்பருக்குள் வந்துவிட்டவை. ஆகவே வயதை நாமேதான் கணிக்க வேண்டும்.

யுஏ என்பது பெற்றோருக்கு ஒரு யோசனை மட்டுமே, தடை அல்ல. தியேட்டர் வாசலில் தடுப்பது ஏ சான்றிதழ்தான். ஓடிடியில் முறையே வேறு: 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனங்களே தங்கள் படங்களுக்கு வயதுக் குறி போட்டுக்கொள்கின்றன. படம் தொடங்கும்போது இடது மேல் மூலையில் வன்முறை, மொழி, போதைப்பொருள் என்று சில நொடிகள் ஓடுவது அந்தக் குறிதான். 13+ அல்லது அதற்கு மேல் குறியிட்ட படங்களுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. செயலியில் பிள்ளைகளுக்குத் தனிப் புரொஃபைல் போட்டு வயது வரம்பை வைத்தால் மட்டும் போதாது; பெரியவர்களின் புரொஃபைலுக்கும் நான்கு இலக்கப் பின் போட வேண்டும். அதைப் போடாவிட்டால் பிள்ளை நேராக அப்பாவின் புரொஃபைலைத் தொட்டு உள்ளே போய்விடும். பெரும்பாலான வீடுகளில் பூட்டு தோற்பது இந்த இடத்தில்தான்.

தியேட்டரில் ஒலி அடைத்துக் காட்டப்பட்ட கெட்ட வார்த்தைகள் ஓடிடி வடிவத்தில் முழுசாக வருவதும் உண்டு. "தியேட்டர்ல பார்த்தேன், ஒண்ணும் இல்லை" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம்.

லப்பர் பந்து

2024 செப்டம்பரில் வந்தது. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். ரப்பர் பந்து கிரிக்கெட்டில் ஊரே கொண்டாடும் பேட்ஸ்மேன் கெத்து, அவரை வெளியேற்றத் துடிக்கும் பந்துவீச்சாளன் அன்பு. அந்த அன்பு காதலிப்பது கெத்துவின் மகளை. இவ்வளவுதான் கதை என்று நினைத்து உட்கார்ந்தால், நடுவில் ஒரு அணிக்குள் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் வெறும் கெஸ்ட் பிளேயராகவே வைத்துக்கொள்வது என்ற இடத்தில் சாதி வந்து உட்கார்கிறது. பிரசங்கம் செய்யாமல் ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே அதைச் சொன்னதுதான் இந்தப் படத்தின் பெரிய கெட்டிக்காரத்தனம்.

குடும்பத்தோடு பார்க்க இந்தப் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு மேட்ச் இருக்கிறது. பெரியவர்களுக்குக் கெத்துவாக வரும் அட்டகத்தி தினேஷும் அவர் மனைவியாக வரும் சுவாசிகாவும் இருக்கிறார்கள். அந்த வீட்டுச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று சோபாவிலேயே இரண்டு கட்சி பிரியும். விஜயகாந்த் பாட்டோடு கெத்து மைதானத்துக்குள் நுழையும்போது, நாற்பது வயதைத் தாண்டியவர்கள் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். என் குறை ஒன்றுதான்: கடைசி மேட்சின் முடிவை நியாயப்படுத்தக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுகிறார்கள்.

டிவியில் செய்ய வேண்டியது: கிரிக்கெட் படம்தானே என்று பிக்சர் மோடை "ஸ்போர்ட்ஸ்" என்று மாற்றிவிடாதீர்கள். சினிமா நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது. டிவி அவற்றுக்கு நடுவே தானாகவே புதுச் சட்டகங்களைக் கற்பனையாக உருவாக்கி நுழைத்தால் அசைவு வழுவழுவென்று ஆகி, படம் சீரியல் போலத் தெரியும். வேகமாக வரும் பந்தைச் சுற்றி மங்கலான வளையம் மாதிரி ஒன்று நெளிவதும் இதனால்தான். நடிகரின் கை முகத்தின் குறுக்கே போகும்போது விரல் ஓரங்கள் கலைந்து தெரிந்தால் இந்த வசதி ஓடிக்கொண்டிருக்கிறது என்று உறுதி. சாம்சங்கில் இது "பிக்சர் கிளாரிட்டி" அல்லது பழைய பெட்டிகளில் "ஆட்டோ மோஷன் பிளஸ்", எல்ஜியில் "ட்ரூமோஷன்", சோனியில் "மோஷன்ஃபுளோ" என்ற பெயரில் பிக்சர் மெனுவின் உள்ளே ஒளிந்திருக்கும். அணைத்துவிடுங்கள். "ஃபிலிம்மேக்கர் மோட்" இருக்கும் டிவியில் அதைத் தேர்ந்தெடுத்தால் இது தானாகவே அணைந்துவிடும். பல டிவிகளில் இந்த அமைப்பு ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனித்தனி. டிவியின் உள்செயலியில் அணைத்தது, வெளியே செருகிய ஸ்டிக்கில் அணைந்திருக்காது. இரண்டு இடத்திலும் பாருங்கள்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் உடனே ரிமோட்டில் "ஜூம்" அழுத்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. 2.39க்கு 1 என்ற அகலத்தில் எடுத்த படத்தை 16க்கு 9 திரை முழுக்க இழுத்து நிரப்பினால், பக்கவாட்டில் கால்வாசிப் படம் வெட்டுப்படும். மைதானத்தில் ஓரத்தில் நிற்கும் ஃபீல்டர் மட்டுமா போகிறார்? இருவர் பேசும் காட்சியில் ஒருவரின் பாதி முகமும் போகும். பட்டை இருக்கட்டும்.

மெய்யழகன்

ச. பிரேம்குமார் இயக்கியது, 2024 செப்டம்பர் 27-இல் வெளியானது. பூர்வீக வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அருள்மொழி, இருபத்திரண்டு வருடம் கழித்துத் தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்குத் திரும்பி வருகிறார். "அத்தான், அத்தான்" என்று ஒருவன் விடாமல் ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பேரென்ன என்று இவருக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். இந்த ஒரு கூச்சத்தை வைத்து முழுப் படத்தையும் நடத்துகிறார்கள்.

இதில் அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமியைத்தான் அதிகம் பாராட்டுவேன். கார்த்தியின் பாத்திரம் பேசிக்கொண்டே இருப்பது, அது எழுத்திலேயே எடுபடும். பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கும் முகத்தை மூன்று மணிநேரம் தாங்கிப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். கல்யாண மண்டபத்தில் மேடையேறித் தங்கைக்கு நகை போட்டுவிடும் காட்சியில் அந்தப் பெண்ணின் அழுகையும் அண்ணனின் தடுமாற்றமும் வசனமே இல்லாமல் போய்ச் சேருகின்றன. ஊரை விட்டு வந்தவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் படம் ஓடினால், முடிந்த பிறகு அரைமணி நேரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பழைய வீட்டைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிடும்.

ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது வேண்டாம். தவறாக ஒன்றும் இல்லை, நீளம்தான் காரணம். முதலில் 2 மணி 57 நிமிடம் ஓடியது. வெளியான சில நாள்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். இரண்டாம் பாதியில் இரவெல்லாம் நீளும் பேச்சில் வரலாறு, போர் என்று போன பகுதிகளே முக்கியமாகக் கத்தரிக்கப்பட்டன. என் பார்வையில் வெட்டியது படத்துக்கு நல்லதுதான். அந்தப் பேச்சுகள் பாத்திரத்தின் வாயிலிருந்து வராமல் எழுதியவரின் மேசையிலிருந்து வந்தவை. வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு முன்குறிப்பு: இரண்டாம் பாதியில் இருவரும் பீர் குடித்தபடி பேசும் காட்சி நீளமானது. அதைப் பொறுக்காதவர்கள் வீட்டில் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால், இடைவேளைக்குப் பதினைந்து நிமிடம் விட்டாலும் பத்துக்குள் முடிந்துவிடும். ஒன்பதுக்குத் தொடங்கினால் யாரோ ஒருவர் தூங்கிவிடுவார், மறுநாள் "படம் ஸ்லோ" என்பார். தமிழ்ப் படங்களில் இடைவேளைக்கென்றே ஒரு திருப்பத்தை எழுதி வைத்திருப்பார்கள். தண்ணீருக்கும் பாத்ரூமுக்கும் அந்த இடத்தில் நிறுத்துங்கள், கண்ட இடத்தில் நிறுத்தினால் இயக்குநர் கட்டிய வேகம் போய்விடும்.

படத்தின் பெரும்பகுதி இரவு. இந்த மாதிரிப் படத்தில்தான் டிவியின் "பவர் சேவிங்", "ஈகோ" வகையறா காலை வாருகின்றன. அறையின் வெளிச்சத்தைப் பார்த்துத் திரையை மங்கலாக்குவது அவற்றின் வேலை. விளக்கை அணைத்ததும் திரையும் சேர்ந்து மங்கி, முகங்கள் சேற்று நிறமாகிவிடும். அணைத்துவிடுங்கள். "டைனமிக் கான்ட்ராஸ்ட்" என்பதையும் அணையுங்கள். இருட்டுக் காட்சிக்கு நடுவே ஒரு விளக்கு வந்தால் திரை முழுக்க ஏறி இறங்குவது அதனால்தான். பிக்சர் மோடை "சினிமா" அல்லது "மூவி" என்று வையுங்கள். முதலில் மஞ்சளாகத் தெரியும், பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். அதன் பிறகு பழைய மோடுக்குத் திரும்பினால் எல்லாருக்கும் நீலம் பூசியது போல இருக்கும்.

இருட்டில் கட்டம் கட்டமாக, படிப்படியாகத் தெரிந்தால் அது டிவியின் குறை அல்ல. இணைப்பு போதவில்லை என்று செயலி தரத்தைக் குறைத்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும், 4கே தரத்துக்கு 15 மெகாபிட்டும் கேட்கிறது. வீட்டில் வேறு யாராவது அதே நேரம் பெரிய கோப்பு இறக்கிக்கொண்டிருந்தால் அது கிடைக்காது. ரவுட்டர் அடுத்த அறையில் இருந்தால் டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் 2.4-தான் நிலையாக நிற்கும். முடிந்தால் கேபிளே இழுத்துவிடுவது எல்லாவற்றையும்விட மேல்.

டூரிஸ்ட் ஃபேமிலி

2025 மே 1-இல் வந்தது. அபிஷன் ஜீவிந்த் இயக்கம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு தெருவில் ஒளிந்து வாழ முயலும் ஒரு குடும்பம். சசிகுமார், சிம்ரன், இரண்டு மகன்கள். வாய் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் அவர்களுடைய முதல் சிக்கல். அக்கம்பக்கத்தில் யாரோடும் அதிகம் பேசாதீர்கள் என்று எச்சரிக்கப்பட்ட குடும்பம், தெருவில் எல்லோரோடும் பேசிப் பழகிவிடுகிறது. இந்த முரணில்தான் படம் ஓடுகிறது.

நல்லவர்கள் மட்டுமே வாழும் தெரு சாத்தியமா என்று கேட்கலாம். போலீஸ் விசாரணைப் பகுதி அவ்வளவு சுலபமாக அவிழ்வது எனக்கும் ஒட்டவில்லை. ஆனால் இளைய மகனாக வரும் சிறுவன் கமலேஷின் குறும்பும் சிம்ரனின் அடக்கமான நடிப்பும் அந்தக் கேள்வியைப் பின்னால் தள்ளிவிடுகின்றன. ஏழெட்டு வயதிலிருந்து எல்லாரும் பார்க்கலாம். தெருவில் ஒரு சாவு நிகழ்கிறது, ஆனால் பிள்ளைகள் பயப்படும்படி எடுக்கப்படவில்லை. ஏன் ஒரு குடும்பம் வீட்டைவிட்டு ராத்திரியில் படகேற வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிலை யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் படத்தில் பேச்சுதான் சுவை. ஈழத் தமிழின் இழுப்பும் சொற்களும் பழகாத காதுக்கு முதல் இருபது நிமிடம் கவனம் தேவை. அந்த நேரத்தில் வசனம் பின்னணி இசைக்குள் அமுங்கினால் பாட்டி "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், பதில் சொல்பவருக்கு அடுத்த வசனம் போய்விடும்.

ஏன் அமுங்குகிறது? 5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் கனத்த ஒலிக்கான ஒரு தனிப் பெட்டிக்கும் என்று பிரித்த ஒலியில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும். டிவியில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். நடுவில் இருப்பதை இரண்டு பக்கமும் 3 டெசிபல் குறைத்துப் பிரித்து, ஏற்கெனவே அந்தப் பக்கங்களில் ஓடும் இசையோடு கலந்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு இன்றைய மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கிறது. ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது "ச", "த", "ப" போன்ற கூரான எழுத்தோசைகள் மழுங்கிவிடும். ஒலியைக் கூட்டினால் இசையும் சேர்ந்து கூடும், சிக்கல் அப்படியே இருக்கும்.

வரிசையாக இப்படிச் செய்து பாருங்கள். செயலியில் ஆடியோ பட்டியலைத் திறந்து "தமிழ் 5.1" என்பதற்குக் கீழே வெறும் "தமிழ்" அல்லது ஸ்டீரியோ இருந்தால் அதை எடுங்கள். இரண்டாவதாக, டிவியின் சவுண்ட் மெனுவில் "சரவுண்ட்" என்று எது இருந்தாலும் அணைத்துவிட்டு "கிளியர் வாய்ஸ்" போன்றதை இயக்குங்கள். வசனம் இருக்கும் நடுத்தர அதிர்வெண்களை அது தூக்கிக்கொடுக்கும். மூன்றாவதாக, ராத்திரி நேரமென்றால் "நைட் மோட்" அல்லது "ஆட்டோ வால்யூம்". சத்தமானதைக் குறைத்து மெல்லியதை உயர்த்தும் வேலை அது. இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால்தான் சவுண்ட்பார். வாங்கும்போது 2.1 என்று எழுதியதில் நடு ஸ்பீக்கர் கிடையாது, 3.1 என்று இருந்தால்தான் வசனத்துக்குத் தனி ஸ்பீக்கர் இருக்கிறது. டிவியில் "ஏஆர்சி" என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் மட்டும் செருகுங்கள். பக்கத்துத் துளையில் செருகிவிட்டு சத்தம் வரவில்லை என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோனவர்கள் ஏராளம். புளூடூத்தில் இணைத்தால் உதடு அசைந்த பிறகு குரல் வரும். "ஆடியோ டிலே" அமைப்பில் சரிக்கட்டப் பார்க்கலாம், ஆனால் டிவி ஒலியைத் தாமதிக்க மட்டுமே முடிகிறதென்றால் புளூடூத் தாமதத்துக்கு அது மருந்தல்ல. கம்பியே தீர்வு.

சப்டைட்டில் போட்டுப் பார்ப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. காது மந்தமானவர்களுக்குத் தமிழ் எழுத்து கிடைத்தால் தமிழே போடுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, பின்னணியில் அரைக் கறுப்பு வையுங்கள்; வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டிக் காட்சிகளில் வெள்ளை எழுத்து காணாமல் போகாது.

கொட்டுக்காளி

பி.எஸ். வினோத்ராஜ் இயக்கம், 2024 ஆகஸ்ட் 23. அந்த ஆண்டு பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட பிறகு இங்கே வந்தது. ஒரு பெண்ணின் மனத்தை மாற்ற, அவளைச் சாமியாரிடம் கூட்டிப்போகிறது இரண்டு குடும்பம். ஆட்டோவும் டூவீலர்களுமாக ஒரு பயணம், அவ்வளவுதான். அன்னா பென் படம் நெடுகக் கிட்டத்தட்ட வாயே திறக்காமல் இருக்கிறார். சூரி தொண்டை கட்டிய கரகரப்போடு, கழுத்தில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, எந்த நொடியில் வெடிப்பாரோ என்று உட்கார்ந்திருக்கிறார்.

பின்னணி இசை கிடையாது. ஆட்டோவின் உதறல், காற்று, சேவலின் முனகல், தூரத்து ஒலிபெருக்கிப் பாட்டு, இவைதான் இசை. அந்தப் பாட்டை அவள் மெல்ல முணுமுணுக்கும் இடமும், அதைத் தொடர்ந்து சூரி நடுரோட்டில் எல்லாரையும் அடித்து நொறுக்கும் இடமும்தான் படத்தின் உச்சம். மறித்து நிற்கும் காளையை அத்தனை ஆண்களும் நெருங்கப் பயப்படும்போது ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாகக் கூட்டிப்போகும் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தப் படம் வேண்டாம். அந்த அடிதடி இசையில்லாமல், வெட்டில்லாமல் வருவதால் சண்டைப் படத்தின் அடியைவிடப் பல மடங்கு உறைக்கும். பதினைந்துக்கு மேல் என்றால் பார்க்கலாம், பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். குறிப்பாக வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடும் நேரத்தில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பார்த்தால், நேராகப் பேச முடியாததைப் படத்தைச் சாக்காக வைத்துப் பேச முடியும்.

இந்தப் படத்துக்கு மட்டும் மேலே சொன்ன நைட் மோடை அணைத்துவிடுங்கள். அமைதிக்கும் இரைச்சலுக்கும் உள்ள தூரம்தான் இங்கே கதை. ஒலியைச் சமப்படுத்தினால் காற்றின் சத்தமும் கத்தலும் ஒரே உயரத்துக்கு வந்து, படம் செத்துவிடும். ஓடத் தொடங்கியதும் ஆட்டோவின் சத்தம் நிஜ ஆட்டோ பத்தடி தள்ளி நிற்பது போலக் கேட்கும் அளவுக்கு ஒலியை வைத்துவிட்டு ரிமோட்டை ஒதுக்கி வையுங்கள். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தால் இன்னும் நல்லது.

முடிவு திறந்தே இருக்கிறது என்பதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். "படம் கட் ஆயிடுச்சா?" என்று டிவியைத் தட்டிப் பார்க்கும் அளவுக்குத் திடீரென நிற்கும்.

மகாராஜா

2024 ஜூன் 14, நித்திலன் சாமிநாதன் இயக்கம், விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம். ஒரு முடிதிருத்துநர் காவல் நிலையத்துக்கு வந்து, வீட்டிலிருந்த குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார். முதல் முக்கால் மணிநேரம் காவலர்கள் அவரை வைத்து அடிக்கும் கேலியில் வீடே சிரிக்கும். ஆபத்தே அங்கேதான். "காமெடிப் படம் போல" என்று பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டாம் பாதியில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமைதான் கதையின் மையம் என்று தெரியவரும்போது, ரிமோட்டைத் தேடுவதற்குள் காட்சி வந்துவிடும்.

பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களோடு பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாலியல் வன்முறையை அனுபவித்தவர்களுக்கும் இந்தப் படம் கடினம். பெண் பிள்ளையின் துன்பத்தைத் தகப்பனின் பழிவாங்கலுக்குக் காரணமாக்கும் பழைய பழக்கத்தை இதுவும் விடவில்லை என்ற மனத்தாங்கல் எனக்கு உண்டு. ஆனால் திரைக்கதைக் கட்டுமானத்தில் சமீபத்திய தமிழ்ப் படங்களில் இதற்கு இணை குறைவு. பல வருட இடைவெளியில் நடக்கும் இரண்டு கதைகளை ஒரே காலத்தில் நடப்பது போல வெட்டி அடுக்கி, நம்மை நம்பவைத்து, பிறகு ஒரே ஒரு பொருளை வைத்து முடிச்சை அவிழ்க்கிறார் இயக்குநர். அனுராக் காஷ்யப் பாத்திரத்தின் வீட்டுக் காட்சிகளை விட்டுவிட்டு யாராவது எழுந்து போனால் அவருக்குப் படம் புரியாது. திரும்பி வந்து கேட்பவருக்கு நீங்கள் சொல்லும் சுருக்கமே முடிவை உடைத்துவிடும். போன்களை வேறு அறையில் வைத்துவிட்டு, இடைவேளையில் மட்டும் நிறுத்தி, ஒரே மூச்சில் பார்க்க வேண்டிய படம்.

இப்படிப்பட்ட படங்களை முன்கூட்டியே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஐஎம்டிபி தளத்தில் படத்தின் பக்கத்தில் பெற்றோர் வழிகாட்டி என்ற பகுதி உண்டு. பாலியல், வன்முறை, மொழி, மது–புகை–போதை, அச்சமூட்டும் காட்சிகள் என்று ஐந்து தலைப்பில் பார்த்தவர்கள் எழுதியிருப்பார்கள். பெரிய படங்களுக்கு விவரமாக இருக்கும், சின்னப் படங்களுக்கு காலியாகவும் இருக்கும். காலியாக இருந்தால் பயமில்லை என்று அர்த்தமல்ல; யாரும் எழுதவில்லை என்றுதான் அர்த்தம். அப்போது செயலியில் படத்தைப் போட்டு, கடைசி ஒரு மணிநேரத்தைக் கீழேயுள்ள கோட்டை இழுத்துச் சிறுபடங்களாகப் பாருங்கள். முடிவு தெரிந்துவிடுமே என்று தயங்கலாம். வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் மற்ற ஐந்து பேர் நிம்மதியாகப் பார்க்கலாம். ட்ரெய்லரை நம்பி முடிவெடுப்பது மட்டும் கூடாது.

வாழை

கொட்டுக்காளி வந்த அதே நாளில் வந்தது இதுவும். மாரி செல்வராஜ் தன் பால்யத்திலிருந்து எடுத்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் சிறுவன் சிவனைந்தன், அவன் கூட்டாளி சேகர். ஒருவன் ரஜினி ரசிகன், ஒருவன் கமல் ரசிகன். பூங்கொடி டீச்சர் மேல் சிவனைந்தனுக்கு இருக்கும் பிரியத்தை அவ்வளவு பதமாக எடுத்திருக்கிறார்கள். பொன்வேல், ராகுல் என்ற அந்த இரண்டு பையன்களைப் போல நடித்தவர்களைச் சமீபத்தில் பார்க்கவில்லை. கழுத்தில் வலி, தோளில் தார், பாதம் சேற்றில் புதையும் நடை. அந்த நடையை ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர் தூரத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும் மாறி மாறிக் காட்டும்போது, உழைப்பின் எடை நம் தோளுக்கு வருகிறது.

பிள்ளைகள் நடித்த படம் என்பதால் பிள்ளைகளுக்கான படம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது நடந்த ஒரு விபத்தை வைத்து எழுதப்பட்டது. கடைசி அரைமணி நேரம் மரணமும் பசியும்தான். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கப் பார்க்கலாம். முன்னாலேயே "கடைசியில் துக்கமான விஷயம் நடக்கும், இது நிஜமாக நடந்தது" என்று சொல்லிவிட்டால் அதிர்ச்சி குறையும், படத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பகலில் பாருங்கள். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். பிள்ளை அழுதால் நிறுத்த வேண்டியதில்லை, கண்ணைத் திருப்பிக்கொண்டு விலகி உட்கார்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

உட்காரும் தூரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், முகங்களை நம்பி எடுத்த படத்துக்கு அது தேவை. திரையின் குறுக்களவை 1.6 ஆல் பெருக்குங்கள். 55 அங்குலத்துக்குச் சுமார் ஏழேகால் அடி, 43 அங்குலத்துக்கு ஐந்தே முக்கால் அடி. பெரும்பாலான வீடுகளில் பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு "ஒண்ணும் தெரியலை" என்கிறார்கள். சோபாவை நகர்த்த முடியாவிட்டால் படம் பார்க்கும் நேரத்துக்கு முன்னால் பாய் விரியுங்கள். தரையில் உட்காருபவர்களுக்கு டிவி உயரமாகத் தெரியும், கழுத்து வலிப்பவர்களை மட்டும் பின்னால் நாற்காலியில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. படம் முடிந்து எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் பல செயலிகள் திரையைச் சுருக்கி, ஐந்து நொடியில் அடுத்த படத்தின் ட்ரெய்லரைக் கத்தலோடு போட்டுவிடும். வாழை போன்ற படத்துக்குப் பிறகு அது கொடுமை. புரொஃபைல் அமைப்புகளில் "ஆட்டோபிளே" என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் இரண்டு தேர்வுகள் உண்டு: அடுத்த எபிசோடுக்கு ஒன்று, உலாவும்போது ஓடும் முன்னோட்டங்களுக்கு ஒன்று. இரண்டையும் எடுங்கள். புரொஃபைலுக்குப் புரொஃபைல் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அப்படியும் திரை சுருங்கினால் ரிமோட்டில் எழுத்துகள் ஓடும் சிறு பெட்டியைத் தேர்ந்தெடுத்து ஓகே அழுத்துங்கள், மறுபடி முழுத்திரைக்கு வந்துவிடும்.